எண்ணூர்க் கழிமுகத்துக்கு ஒரு ரேடியோ: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

சமுதாய வானொலி (ஒரு வட்டாரத்து மக்களே தங்களுக்காக நடத்தும் சிறு எஃப்.எம். நிலையம்) பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். பழவேற்காடு சாலையிலிருந்து ராயபுரம்வரை கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவர் கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

எங்கள் மீனவர் சங்கமும், கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களும் சேர்ந்து ரேடியோ தொடங்க நினைக்கிறோம். யார் பெயரில் அனுமதி கேட்பது? எவ்வளவு நாள் ஆகும்?
(வாசகர், எண்ணூர்)

தனி ஆள் பெயரில் கிடைக்காது. லாப நோக்கமில்லாத பதிவு பெற்ற அமைப்பாக இருக்க வேண்டும். அந்த வட்டாரத்து மக்களிடம் குறைந்தது 3 ஆண்டு வேலை செய்ததற்குத் தாள் ஆதாரமும் வேண்டும். அரசியல் கட்சி, கட்சியைச் சேர்ந்த தொழிற்சங்கம் எதற்கும் அனுமதி இல்லை. உங்கள் சங்கத்தின் பலகையில் கட்சிக் கொடி வண்ணம் இருந்தால் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். நேற்று பதிவு செய்த புது அறக்கட்டளையைவிட, ஏற்கெனவே உங்கள் பகுதியில் வேலை செய்யும் பழைய அமைப்பு ஒன்றோடு கைகோர்ப்பது நல்லது. 3 ஆண்டுக் கணக்குத் தணிக்கை, ஆண்டறிக்கை, நோக்கங்களில் அந்த வட்டார மக்களைக் குறிப்பிடும் பத்திரம், இந்த மூன்றும் முதலில் கைக்கு வரட்டும். விழாவில் மேடையேறிய புகைப்படங்கள் ஆதாரம் ஆகா.

விண்ணப்பம் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு, ‘பிராட்காஸ்ட் சேவா’ இணையதளம் வழியாகப் போகும். முதலில் விருப்பக் கடிதம் (அனுமதி தர அமைச்சகம் சம்மதம் சொல்லும் ‘லெட்டர் ஆஃப் இன்டென்ட்’) தருவார்கள். 2024 பிப்ரவரியில் வந்த புதிய விதிப்படி அதன் ஆயுள் 1 ஆண்டு. அதற்குள் ஆன்டெனாவைத் தாங்கும் மாஸ்ட் நிற்கும் இடத்துக்கும் அலைவரிசைக்கும் அனுமதி வாங்கி ஒப்பந்தம் போட வேண்டும். ஒப்பந்தம் 10 ஆண்டுக்கு. இதே விதியில் இன்னொன்றும் உண்டு: ஆலோசனை மற்றும் நிகழ்ச்சிக் குழுவில் பாதிப்பேராவது பெண்கள் இருக்க வேண்டும். அந்த இடங்களில் சிலவற்றை இறால் பிடிக்கும் பெண்களுக்கு எழுத்திலேயே ஒதுக்கிவிடுங்கள். திறப்பு விழாப் படத்தில் மட்டும் இருளரை நிறுத்திவிட்டு மறுநாளிலிருந்து அவர்கள் இல்லாமல் நடக்கும் ரேடியோவை அந்த மக்களின் ரேடியோ என்று சொல்வதில் அர்த்தமில்லை.

காலம் பற்றி: தெலங்கானாவின் ஜாகீராபாத் பக்கம் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோவுக்குக் கட்டடமும் கோபுரமும் 1998-லேயே எழும்பிவிட்டன. ஒலிபரப்பு தொடங்கியது 2008 அக்டோபரில். நடுவில் அவர்கள் சும்மா இருக்கவில்லை. கேசட்டில் பதிவு செய்து கூட்டங்களில் போட்டுக் காட்டினார்கள். இன்று அவ்வளவு இழுக்காது என்றாலும் நீங்களும் அப்படித்தான் தொடங்க வேண்டும். வாரம் ஒரு மணி நேரம் பதிவு செய்து வலைக்கூடத்தில் ஒரு ஸ்பீக்கரில் போடுங்கள். திறந்த வெளியில் ஒலிபெருக்கி என்றால் காவல்துறை அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. ஆறு மாதம் இப்படி ஓடினால் யார் வேலைக்கு வருகிறார்கள், யார் பேச்சோடு நின்றுவிடுகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

50 வாட் டிரான்ஸ்மிட்டர் வாங்கினால் எத்தனை தூரம் கேட்கும்? 100 வாட் வாங்கலாம் என்கிறார் நண்பர். படகில் கேட்குமா?
(வாசகர், திருவொற்றியூர் குப்பம்)

உங்கள் நண்பர் காதில் விழுந்த 100, டிரான்ஸ்மிட்டரின் அளவு இல்லை. ஆன்டெனாவிலிருந்து வெளியேறும் செயல்திறன் சக்தி பொதுவாக 100 வாட்டைத் தாண்டக் கூடாது என்பதுதான் விதி. அதற்கு 50 வாட் டிரான்ஸ்மிட்டர் பெட்டி போதும். ஆன்டெனா உயரம் தரையிலிருந்து 30 மீட்டருக்கு மேல் போகக் கூடாது.

கணக்கு இப்படி. பெட்டியிலிருந்து ஆன்டெனாவரை 40 மீட்டர் கேபிள் என்று வைப்போம். ஆர்.ஜி.213 என்ற சாதாரண கறுப்புக் கேபிள் போட்டால் 90 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய பாதி சக்தியை அதுவே தின்றுவிடும். 50 வாட்டில் மேலே போய்ச் சேர்வது 27, 28 வாட்தான். அரை அங்குல ஃபோம் கேபிள் போட்டால் 40 வாட் போகும். அதன் மேல் இரண்டு டைபோலை (இரு கைகள் கொண்ட கம்பி ஆன்டெனா) ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடிவான திசையில் ஏறத்தாழ இரண்டு மடங்கு, அதாவது 80 வாட். காசு குறைவு என்று கேபிளில் மிச்சம் பிடிப்பவர்கள் பிறகு ‘பெட்டி சரியில்லை’ என்று கடைக்காரரோடு சண்டை போடுகிறார்கள்.

டைபோலின் அளவையும் டேப் வைத்துப் பார்த்துவிடுங்கள். 90.4 மெகாஹெர்ட்ஸுக்கு அலை நீளம் 3.32 மீட்டர், அதில் பாதி 1.66. நடைமுறையில் 5 சதவீதம் குறைத்து ஒவ்வொரு கையும் சுமார் 79 செ.மீ. வரும். 107.8-க்கு வெட்டிய பழைய ஆன்டெனாவைத் தலையில் கட்டிவிடப் பார்ப்பவர்களும் உண்டு. அதன் கை சுமார் 66 செ.மீ.தான் இருக்கும்.

கரையில் 5 முதல் 10 கி.மீ. என்று எடுத்துக்கொள்ளுங்கள். மணலி, தண்டையார்பேட்டை போல வீடுகள் நெருங்கிய பக்கம் சீக்கிரம் மங்கும். கடல் பக்கம் குறுக்கே கட்டடம் இல்லாததால் இன்னும் தள்ளிக் கேட்கும். பேச்சு நிகழ்ச்சிதான் அதிகம் என்றால் ஸ்டீரியோவை அணைத்து மோனோவில் அனுப்புங்கள். எல்லை ஓரத்தில் இரைச்சல் வெகுவாகக் குறையும், செலவும் இல்லை. ஆனால் கடலில் ஆபத்து என்றால் இந்த ரேடியோவை நம்ப முடியாது, இது ஒருவழிப் பேச்சு. கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 இரண்டும் படகில் எழுதியிருக்கட்டும்.

எங்கள் நிலையத்தில் காலை 6 மணிக்கு ஒலிபரப்பு கரகரவென்று போகிறது. 10 மணிக்கு மேல் தானாகவே சரியாகிவிடுகிறது. பெட்டியைப் பழுதுபார்க்கக் கொடுத்தோம், ‘ஒன்றுமில்லை’ என்று திருப்பித் தந்துவிட்டார்கள்.
(நிலையத்தின் பெயர் வேண்டாம் என்ற தொண்டர், வட சென்னை)

முதலில் ஒரு ரேடியோவை எடுத்துக்கொண்டு 4, 5 கி.மீ. தள்ளிப் போய்க் கேளுங்கள். வெறும் கரகரப்பா, அல்லது அடியில் வேறு ஊர்க்காரர் பேச்சோ பாட்டோ கலந்து கேட்கிறதா? வேறு நிலையம் கேட்டால் உங்கள் மேல் குற்றமில்லை. நாட்டில் பல சமுதாய வானொலிகள் ஒரே 90.4-ல்தான் இருக்கின்றன. சில காலைகளில் தரையருகே குளிர்ந்த காற்றும் மேலே சூடான காற்றும் நிற்கும்போது தொலைதூர அலை வளைந்து கரையோரம் வந்துவிடும். வெயில் ஏறினால் போய்விடும். அதற்குப் பரிகாரம் கிடையாது.

வெறும் கரகரப்பு என்றால், ஆன்டெனாவில் உப்பு. கடற்கரையில் எல்லோருக்கும் இது உண்டு. வட சென்னையில் அதோடு அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்கிறது. உப்பும் சாம்பலும் படிந்த மேல்தோல் பகலில் காய்ந்து கிடக்கும், மின்சாரம் கசியாது. விடியற்காலைப் பனி இறங்கியதும் அது ஈரமாகி, டைபோல் நடுவிலுள்ள இன்சுலேட்டர் மேல் பாதை போட்டுக்கொள்ளும். போன சக்தியில் ஒரு பகுதி கேபிள் வழியாகவே திரும்பி வரும். பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வெளியீட்டைக் குறைத்துக்கொள்ளும். கேட்பவருக்கு அதுதான் கரகரப்பு. பழுதுபார்ப்பவர் பகல் 12 மணிக்கு, அதுவும் ஆன்டெனா இல்லாத மேசையில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாதுதான்.

பெட்டியின் முகப்பில் ‘திரும்பும் சக்தி’ என்று ஓர் அளவு இருக்கும். ஒரு வாரம் காலை 6, 8, 10, பகல் 12 மணிக்கு அதை நோட்டில் எழுதுங்கள். 50 வாட் போகும்போது 2 வாட்டுக்குள் திரும்பினால் நலம். 5 என்றால் மேலே ஏறிப் பார்க்க வேண்டிய நேரம். 12-ஐத் தொட்டால் உடனே அணைத்துவிடுங்கள்.

பிறகு 50 ஓம் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வாங்கிக்கொள்ளும் சோதனைக் கருவி) ஒன்று வாங்குங்கள், 100 வாட் தாங்குவதாக. பெட்டியை அணைத்துவிட்டு (ஓடும்போது கேபிளைக் கழற்றினால் வெளியீட்டு டிரான்சிஸ்டர் போய்விடும்) ஆன்டெனா கேபிளுக்குப் பதில் அதை மாட்டிப் பாருங்கள். திரும்பும் சக்தி பூஜ்யமானால் பெட்டி நலம். அடுத்து அதே லோடை மாஸ்ட் உச்சியில், கேபிளின் மறுமுனையில் மாட்டுங்கள். இப்போதும் பூஜ்யம் என்றால் குற்றம் ஆன்டெனாவில். இல்லையென்றால் கேபிளில், பத்துக்கு எட்டு தடவை அதன் மேல்முனைக் கனெக்டரில். இந்தச் சோதனையைக் காலை 6 மணிக்கே செய்யுங்கள். 11 மணிக்குச் செய்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும்.

கனெக்டரைத் திறந்தால் செம்பு பச்சை பிடித்திருக்கும். துடைத்துப் போடாதீர்கள். ஒரு சாண் வெட்டிப் பாருங்கள். உள்ளே செம்புக் கம்பிப் பின்னல் பளபளவென்றிருந்தால் புதுக் கனெக்டர் போதும். இன்னும் கறுப்பாக இருந்தால் மறுபடி வெட்டுங்கள். ஒரு மீட்டர் வெட்டியும் கறுப்பு போகவில்லையா, தண்ணீர் விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோலப் பின்னல் வழியே இறங்கிவிட்டது. கேபிளையே மாற்ற வேண்டியதுதான்.

மூடுவதில்தான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். புளித்த வாடை அடிக்கும் சிலிகான் பசையைப் பூசாதீர்கள். அதிலிருந்து வரும் அமிலமே செம்பை அரிக்கும். தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை நன்றாக இழுத்து, கீழிருந்து மேலாக, ஒவ்வொரு சுற்றும் முந்தையதைப் பாதி மூடும்படி சுற்றுங்கள். கூரை ஓடு வேய்ந்ததுபோல இருந்தால் மழைநீர் வழிந்து ஓடும். மேலிருந்து கீழாகச் சுற்றினால் ஒவ்வொரு விளிம்பும் தண்ணீருக்கு வாசல். அதன் மேல் சாதாரணக் கறுப்பு டேப் ஒரு சுற்று, வெயிலுக்காக. கேபிள் அறைக்குள் நுழையுமுன் கீழே ஒரு தொய்வு விடுங்கள், தண்ணீர் அங்கே சொட்டிவிடும்.

கிளாம்ப், போல்ட் எல்லாம் 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். மாஸ்ட் சூடான துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஜி.ஐ.; பெயின்ட் அடித்த இரும்பு கடற்கரையில் சீக்கிரம் செதில் செதிலாக உதிரும். அலுமினியத்தோடு செம்பு நேரடியாகத் தொடக் கூடாது, உப்புக் காற்றில் அலுமினியம் கரைந்துபோகும். மழை இல்லாத மாதங்களில் மாதம் ஒரு முறை, பெட்டியை அணைத்துவிட்டு, ஒரு வாளி நல்ல தண்ணீரும் பழந்துணியுமாக ஒருவர் ஏறி இன்சுலேட்டரைக் கழுவட்டும். இடுப்புக் கயிறு இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள். மழைக்காலத்தில் அந்த வேலையை மழையே செய்துவிடும்.

ஸ்டுடியோ சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் கன்டெய்னர் லாரிச் சத்தம் நிற்குமா?
(வாசகி, வியாசர்பாடி)

நிற்காது அம்மா. முட்டை அட்டை மேல்சுருதியைக் கொஞ்சம் உறிஞ்சும், அவ்வளவுதான். லாரியின் ‘கும்’ என்ற அடிச்சத்தம் அதைத் தாண்டி வரும். போதாதற்கு நன்றாகத் தீப்பிடிக்கும். கதவு ஜன்னல் இடுக்குகளுக்கு ரப்பர் பட்டை போடுங்கள், சத்தம் பெரும்பாலும் அங்கேதான் நுழைகிறது. அறை எதிரொலிக்கு 50 மி.மீ. கனமுள்ள ராக்வுல் பலகையைச் சணல் துணியில் பொதிந்து, சுவரிலிருந்து 50 மி.மீ. தள்ளி மாட்டுங்கள். கண்டென்சர் மைக் வேண்டாம், தெருவையே அள்ளிக்கொண்டு வரும். டைனமிக் மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றே பக்கவாட்டில் வையுங்கள். மிக்ஸரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பொத்தானை அமுக்கிவிடுங்கள். ஒலிமட்டம் உச்சத்தில் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்ட வேண்டாம்.

கானா பாடுபவர்களுக்கு இந்த ஒரு சாண் கணக்கு ஒத்துவராது. முதலடியை முணுமுணுத்துத் தொடங்கி, எடுப்பில் தொண்டையைத் திறப்பார்கள். ஒரு முழம் தள்ளி உட்கார வைத்து, முதலில் உரக்கப் பாடும் அடியைப் பாடச் சொல்லி மட்டம் வையுங்கள். தாளம் தட்டும் மேசையில் மைக் ஸ்டாண்டை வைக்காதீர்கள்.

ரேடியோவில் செய்தி சொல்லக் கூடாது என்கிறார்களே, அப்புறம் இன்னாத்துக்கு அது?
(மீன் விற்கும் வாசகி, காசிமேடு)

நல்ல கேள்வி. சமுதாய வானொலி தானே திரட்டிய செய்தியையும் நடப்பு அரசியலையும் சொல்லக் கூடாது என்பது விதி. ஆகாசவாணிச் செய்தியை அப்படியே அஞ்சல் செய்யலாம், மொழிபெயர்த்தும் சொல்லலாம். உள்ளூர்க்காரருக்கு உள்ளூர்ச் செய்தி சொல்லத் தடை இருப்பது எங்களுக்கும் ஏற்புடையதில்லை. ஆனால் மீறினால் அனுமதியே போகும்.

விதிக்குள்ளேயே இடம் நிறைய இருக்கிறது. வானிலை, போக்குவரத்து, தேர்வு, வேலைவாய்ப்பு, திருவிழா, உள்ளாட்சி தரும் குடிநீர், மின்தடை, சுகாதார எச்சரிக்கை இவையெல்லாம் செய்தியாகக் கருதப்படுவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்திலும் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணெய் பரவியதே, அதுபோன்ற நேரத்தில் யார் குற்றவாளி என்று தீர்ப்பு சொல்ல உங்கள் ரேடியோவுக்கு வழியில்லை. எந்தத் துறையில் இறங்க வேண்டாம் என்ற அறிவிப்பு, உடம்பில் எண்ணெய் பட்டால் என்ன செய்வது என்று மருத்துவர் பேட்டி, நிவாரண மனுவுக்கு எந்தத் தாள்களோடு எங்கே போவது என்பதை ஒரு நாளில் நாலு தடவை சொல்லலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்கால 61 நாளும் இதே மாதிரி உதவித்தொகை விவரங்களுக்கு உகந்தவை. ஒலிபரப்பிய எல்லாவற்றையும் 3 மாதம் சேமித்து வைக்க வேண்டும். புகார் வந்தால் உங்களைக் காப்பது அந்தப் பதிவுதான்.

புயல் நேரத்தில் கரன்ட் போனால்? கூண்டு அறிவிப்பை எப்படிச் சொல்வது?
(வாசகர், எர்ணாவூர்)

பெட்டி, மிக்ஸர், கணினி, ஒரு விளக்கு, ஒரு ஃபேன் சேர்த்துச் சுமார் 350 வாட் இழுக்கும். 12 வோல்ட், 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரி இரண்டு என்றால் ஏட்டில் 3,600 வாட்-மணி. பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரி கெடும். இன்வெர்ட்டரும் தன் பங்கை எடுக்கும். மிஞ்சுவது 1,500 சொச்சம், நாலு மணி நேரம் ஓடும். கணினியை எடுத்துவிட்டு லேப்டாப் வைத்தால் 220 வாட். ஏழு மணி நேரம் வரும். பேட்டரியைத் தரையில் வைக்காதீர்கள், மார்பளவு உயரத்தில் மேடை கட்டுங்கள்.

கூண்டு எண்ணை மட்டும் சொன்னால் பாதிப்பேருக்குப் புரியாது. 1, 2 என்றால் புயல் தூரத்தில். 3, 4 இந்தத் துறைமுகத்துக்கே மோசமான வானிலை. 5 முதல் 7 ஆபத்து. 8 முதல் 10 பெரும் ஆபத்து. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. எண், அதன் பொருள், செய்ய வேண்டியது என்ற வரிசையில் சொல்லுங்கள். கடைசியில் ‘இது வானிலை மையத்தின் பகல் 1 மணி அறிக்கை’ என்று நேரத்தையும் சேர்த்துவிடுங்கள். அடுத்த அறிக்கை வந்ததும் பழைய பதிவைப் பிளேலிஸ்ட்டிலிருந்து நீக்குவது ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும். நேற்றைய ‘கடலுக்குப் போகலாம்’ இன்று காலை தானாக ஒலித்தால் உயிர் போகும்.

எங்கள் பள்ளிக்கு வரும் இருளர் பிள்ளைகளின் பாட்டிமார் பாடும் பாட்டுகளை ஒலிபரப்பலாமா? பழங்குடியினரே நடத்தும் ரேடியோ எங்காவது இருக்கிறதா?
(ஆசிரியர், மீஞ்சூர்)

இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 1980 முதல் பூர்வகுடிகளின் ஊடக அமைப்பு இயங்குகிறது. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் லகோட்டா மக்களின் கிலி ரேடியோ 1983 முதல். நம் பக்கத்தில் ரேடியோ கோத்தகிரி நீலகிரிப் பழங்குடி மொழிகளில் நிகழ்ச்சி செய்கிறது. பாம்பனில் மீனவர்களுக்காகக் கடல் ஓசை 2016 முதல் ஒலிக்கிறது.

ஒன்று கவனியுங்கள். நீலகிரி இருளரின் பேச்சு தனி மொழி. உங்கள் பக்கத்து இருளர் பேசுவது தமிழ், ஆனால் நம் காதுக்குப் பழகாத சாயல். அறிவிப்பாளர் அதைத் ‘திருத்தி’ப் படிக்க வேண்டாம்.

பாட்டைப் பதிவு செய்யுமுன் மூன்று தனித்தனிச் சம்மதம் கேளுங்கள்: பதிவு செய்யவா, ஒலிபரப்பவா, இணையத்தில் போடவா. முதலுக்குச் சரி சொன்னவர் மூன்றாவதற்கு மறுக்கலாம். சாமிக்குப் பாடுவது எல்லாக் காதுக்கும் உரியதா என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். சம்மதத்தையும் அவர் குரலிலேயே பதிவு செய்து அதே கோப்பின் தலையில் வையுங்கள், கைநாட்டைவிட அது மேல். பாடியவர் வீட்டுக்கு ஒரு பிரதி மெமரி கார்டில் போகட்டும். சினிமாப் பாட்டுக்குத் தனியே உரிமம் வாங்க வேண்டும் என்பதால், இந்தப் பாட்டிமார் உங்கள் நிலையத்துக்குப் பெரிய சொத்து.

விளம்பரத்தில் பிழைக்க முடியுமா?
(வாசகர், ராயபுரம்)

மணிக்கு 12 நிமிடம், அரசு விளம்பரத்துக்கு 10 விநாடிக்கு 74 ரூபாய். முழுக்க நிரம்பினால் மணிக்கு 5,328 ரூபாய். எந்த நிலையத்துக்கும் அப்படி நிரம்புவதில்லை. மாதச் செலவில் கால்பங்கு விளம்பரத்தில் வந்தால் சந்தோஷப்படுங்கள். மிச்சத்துக்குச் சங்கச் சந்தாவையும், அரசுத் துறைகள் பணம் தரும் விழிப்புணர்வு நிகழ்ச்சிகளையும் பாருங்கள்.

என் புது போனில் எஃப்.எம். வரவில்லையே?
(கல்லூரி மாணவி, கொருக்குப்பேட்டை)

போன்களில் எஃப்.எம். வசதியை முடக்காமல் தர வேண்டும் என்று 2023 ஏப்ரலில் மத்திய அரசு அறிவுறுத்தியது. ஆனாலும் பல போன்களில் இல்லை. இருந்தாலும் இயர்போன் வயர்தான் ஆன்டெனா, புளூடூத் போட்டால் எடுக்காது. உருண்டை ஜாக் இல்லாத போன் என்றால் வீட்டுக்கு ஒரு சின்ன டிரான்சிஸ்டர் வாங்கிவிடுங்கள். பென்சில் செல் போடுவதாகப் பார்த்து வாங்குங்கள். சார்ஜ் ஏற்றும் வகை, கரன்ட் போன மூன்றாம் நாள் கைவிட்டுவிடும்.